மடியின் நம்பிக்கை



"அழட்டும், விடு. தூக்கிப் பழக்கினால் பிறகு மடியை விட்டு இறங்காது." முதற்பிள்ளை பெற்ற தாய்மாரிடம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கூறும் அறிவுரை இது. நல்லெண்ணத்துடன் கூறப்படும் இவ்வறிவுரை சரியானதா என நாம் சிந்தித்தல் வேண்டும்.

பேச இயலாத சிசுவுக்கு அழுகையே மொழியாகும். பசி, வலி, பயம், தனிமை யாவற்றையும் அது அழுதே அறிவிக்கின்றது. அவ்வழைப்பைக் கேட்டு ஒருவர் தவறாது வந்து அணைக்கும்போது, தனக்கு உதவ ஆள் உண்டு என்னும் நம்பிக்கை அதன் உள்ளத்தில் வேரூன்றுகின்றது. பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் பௌல்பி இப்பிணைப்பைக் கோட்பாடாக வகுத்தார்.

அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வர்த், 1950களில் உகண்டாவில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கே சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் அவதானித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் அவ்வாறே ஆராய்ந்தார். குழந்தையின் குறிப்பறிந்து கவனித்த தாய்மாரின் பிள்ளைகள், தாய் அருகிலிருக்கையில் துணிவுடன் சென்று விளையாடின. தாய் பிரிந்தபோது கலங்கினாலும், திரும்பி வந்து அணைத்ததும் விரைவில் ஆறுதலடைந்து மீண்டும் விளையாட்டில் ஈடுபட்டன. மடியில் நம்பிக்கை கொண்ட பிள்ளையே மடியை விட்டு இறங்குகின்றது என்பதே இதன் பொருள்!

தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குழந்தையொன்றின் அழுகுரல் கேட்டதும், அதன் தாயின் தவிப்பை உணர்ந்து தொழுகையைச் சுருக்கினார்கள் என்பதை புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் கிரந்தங்கள் அறிவிக்கின்றன. அவ்வழுகையை நாம் அலட்சியம் செய்யலாமா?

இது தாய்க்கு மட்டுமுரிய கடமையன்று. குழந்தை ஒருவருக்கு மேற்பட்டோருடனும் பிணைப்புக் கொள்ளும். ஆகவே வாப்பாமாரே, நீங்களும் பிள்ளையைத் தூக்குங்கள், உறங்க வையுங்கள். தாய் தொழில் நிமித்தம் வெளிநாடு சென்றுள்ள இல்லங்களில் உம்மம்மாவோ சாச்சியோ நிலையாக அப்பொறுப்பை ஏற்கட்டும். பராமரிப்பவர் அடிக்கடி மாறுவதைத் தவிருங்கள்.

களைப்பினால் சில வேளைகளில் நீங்கள் தாமதித்துவிடலாம். அதற்காக வருந்தி மனமுடைய வேண்டாம். எப்போதாவது நேரும் தவறு பிணைப்பை அறுப்பதில்லை. மீண்டும் அணைப்பது அதனைக் காக்கும். இளந்தாயைக் குறை கூறுவதை விடுத்து, அவள் சற்று ஓய்வெடுக்கக் குழந்தையை வாங்கிக்கொள்வதே நாம் அவளுக்குச் செய்யும் பேருதவியாகும்.