நிறம் மாறினால் விலை ஏறுமா?

மும்பை கோட்டைப் பகுதி நடைபாதையில் பழைய நாணயமும் தபால் தலையும் விற்பவர்களை, மாலையில் ரயிலுக்கு ஓடும் நம்மவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். சில வருஷங்களுக்கு முன், என் அறையில் தங்கியிருந்த குமாஸ்தா நண்பர் ஒருவர், அங்கே ஒரு வியாபாரியிடம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரையணாத் தலை ஒன்றை வாங்கி வந்தார். பச்சையாக இருக்க வேண்டியது நீலமாக இருந்தது. "அச்சுப் பிழை சார், நாலைந்துதான் இருக்கும்" என்றாராம் வியாபாரி. கொடுத்த விலையோ, ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம்!

நிறத்துக்காக விலை ஏறுவது பொய்யல்ல. ஆசியாவின் முதல் தபால் தலையான 'சிந்து டாக்' கதையே நிறத்தின் கதைதான். சிந்து மாகாணம் அப்போது பம்பாய் ராஜதானியைச் சேர்ந்தது. அங்கே கமிஷனராக இருந்த பார்ட்டில் ஃப்ரேர் 1852 ஜூலை 1-ல் அதை வெளியிட்டார். (புளோரா நீரூற்றுக்கு முதலில் வைக்க இருந்தது இவர் பெயரைத்தான்.) சிவப்பு அரக்கு வில்லையில் கம்பெனி முத்திரையைப் புடைப்பாகப் பதித்தார்கள். அரக்கு வழியிலேயே நொறுங்கியது. பிறகு வெள்ளைத் தாளில் பதித்தார்கள். மங்கிய வெளிச்சத்தில் அது கண்ணுக்கே படவில்லை. கடைசியில் நீலம் பூசினார்கள். 1854-ல் எல்லாம் நிறுத்தப்பட்டன. நொறுங்கியதாலேயே சிவப்பு இன்று அபூர்வம்.

அதே 1854-ல் கல்கத்தாவில் கல்லச்சில் அடித்த அரையணாவும் முதலில் சிவப்புதான். சீமையிலிருந்து வந்த மை தீர்ந்தது, உள்ளூர்ச் சிவப்பு அச்சுக்கல்லுக்கு ஒத்துவரவில்லை, நீலத்துக்கு மாறினார்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்தச் சிவப்புத் தலையின் ஓரத்தில் ஒன்பதரை வளைவுகள், நீலத்தில் எட்டு. பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவார்.

நண்பரின் தலைக்கு அப்படி ஒரு சாட்சியும் இல்லை. பச்சை மையில் மஞ்சளும் நீலமும் கலந்திருக்கும். வெயிலிலோ ரசாயனத்திலோ மஞ்சள் போய்விட்டால் மிஞ்சுவது நீலம். ஆரஞ்சுத் தலைகள் காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்துப்போவதும் உண்டு. இவையெல்லாம் அச்சகத்தில் பிறந்த அபூர்வங்கள் அல்ல. சாதாரணத் தலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெரிய விலை என்றால் நிபுணரின் சான்றிதழ் கேட்க வேண்டும். தர மறுப்பவரிடம் வாங்காமல் இருந்தால் நஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இடது மூலையில் கடுகளவு இடம் பச்சையாகவே இருந்தது. உறையில் ஒட்டியிருந்த காலத்தில் பக்கத்துத் தலை அந்த மூலையை மூடியிருந்திருக்கிறது. வெயில் அங்கே படவில்லை. நண்பர் ஒன்றும் பேசாமல் அதை ஆல்பத்தில் வைத்து மூடினார். அந்த மாதம் ஊருக்கு மணியார்டர் பத்து நாள் தாமதமாகப் போயிற்று.