மலைச்சரிவை எடைபோடும் கணினி

மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்கு மிளகும் ஏலமும் அனுப்பும் மலைகளில்தான் 2020-இல் பெட்டிமுடியும், 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுள் புதைந்தன.

முன்னர்ச் சரிந்த இடங்களின் சாய்வு, மண், பாறை, ஓடைத் தொலைவு ஆகியவற்றைக் கணினிக்குக் கற்பித்தால், அவற்றை ஒத்த பிற சரிவுகளை அது சுட்டிக்காட்டும். பழைய கணக்குகளைக் கொண்டு புதிய கடனை எடைபோடும் எங்கள் முறையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அது இடத்தைச் சொல்லும், நாளைச் சொல்லாது. அதற்கு மழையளவும், மூணாறு மலையில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் பதித்தவை போன்ற உணரிகளும் வேண்டும்.

வயநாட்டில் மண் பெயர்ந்தது ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில். மாண்டோரில் பெரும்பாலோர் கீழே ஆற்றோரம் குடியிருந்தவர்கள். ஆகவே மலையில் மனை வாங்கக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள், வில்லங்கச் சான்றோடு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலச்சரிவு வரைபடத்தையும் காண வேண்டுகிறோம். 1:50,000 அளவிலான அதில் பத்து சென்ட் மனை ஒரு புள்ளியே. மேலேயுள்ள சரிவையும் அருகிலுள்ள ஓடையையும் நேரில் பார்ப்பதும் அவசியம்.