மட்டாஞ்சேரிக் கணக்கறையில் ஒரு நினைவகப் பலகை

மிளகின் விலை தரகர்களின் கூச்சலிலேயே நிர்ணயமான காலம் ஒன்று மட்டாஞ்சேரியில் இருந்தது. 1957-இல் தோன்றிய மிளகு வாணிபச் சங்கத்தின் யூதத்தெரு மண்டபத்தில் வாய்விட்டுக் கூவி நடந்த முன்பேர வியாபாரம் காலக்கிரமத்தில் கணினித் திரைக்கு மாறிவிட, பஜார் ரோட்டுக் கணக்கறைகளிலும் பேரேட்டின் ஸ்தானத்தில் கணினியே அமர்ந்துவிட்டது. பத்தாண்டுக்கு முன் வாங்கிய அந்தச் சாதனம், ஜி.எஸ்.டி. கணக்கையும் வங்கிப் பக்கத்தையும் நாலைந்து கடிதங்களையும் ஒருசேரத் திறந்தால் திணறுகிறது. உடனே முதலாளி புதியதொன்றை வாங்கப் புறப்பட்டுவிடுகிறார். பெரும்பாலும் அது அநாவசியச் செலவு, நினைவகத்தைக் கூட்டினாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

கோப்புகள் நிரந்தரமாக வாசம் செய்யும் வட்டைப் பண்டகசாலை என்று கொண்டால், ரேம் என்னும் நினைவகம், மூட்டைகளைப் பிரித்துச் சுக்கைப் பரப்பித் தரம் பார்க்கும் முற்றமாகும். முற்றம் குறுகியதானால் உள்ளும் வெளியுமாகச் சரக்கைச் சுமப்பதிலேயே பொழுது போய்விடும். ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966-இல் சிந்தித்து 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட்டைத் தாங்குகின்றன. அந்த மின்னூட்டம் சதா கசிவதால், சாதாரணமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். மின்சாரம் நின்றாலோ, சகலமும் சூனியம்.

ஆகவே முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் நினைவகம் நிரம்பி வழிகிறதா என்று பார்க்க வேண்டும். வழியவில்லையெனில் குற்றவாளி பழைய சுழல்வட்டாக இருக்கக்கூடும். 32 பிட் விண்டோஸில் 4 ஜி.பி.க்கு மேல் சேர்ப்பதும் வியர்த்தமே.

நினைவகம்தான் குறை என்று தெரிந்தால், சேர்க்க வேண்டிய நினைவகப் பலகையைத் தேர்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் தலைமுறைகளுக்கு வெட்டு வெவ்வேறிடத்தில் அமைந்திருப்பதால், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. ஆனால் அந்த வெட்டு மின்னழுத்தத்தைக் காவல் காப்பதில்லை: 1.5 வோல்ட் டிடிஆர்3-க்கும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்-க்கும் வடிவம் ஒன்றே. நான்காம் தலைமுறை இன்டெல் செயலியுள்ள மடிக்கணினிகள் பல, பின்னதை மாத்திரமே ஏற்கும். முன்னதைப் பொருத்தினால் பலகை ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எனவே எறணாகுளத்துப் பென்டா மேனகா கடைகளுக்குப் போகிறவர், பழைய பலகையையே கழற்றிக் கையோடு கொண்டுபோவது உத்தமம். அதில் 'பிசி3எல்-12800எஸ்' என்றிருந்தால், 'எல்' குறைந்த மின்னழுத்தத்தையும், 12800 என்பது விநாடிக்கு அத்தனை மெகாபைட் வேகத்தையும், 'எஸ்' மடிக்கணினிக்குரிய குட்டை வடிவத்தையும் சுட்டும். வேகம் வேறான இரண்டைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் கதிக்கே இறங்கும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அவற்றின் சொந்தக்காரர் கடைக்குப் போகவே வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெரும்பசியால் 2025-இன் இறுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறியதிலிருந்து, பழைய பலகைகளுக்கும் மவுசு வந்திருக்கிறது. அவற்றை வாங்குவதில் தோஷமில்லை. காயல் காற்றின் ஈரத்தில் மங்கிய பொன்முனைகளை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மெல்லிய அழிரப்பரால் துடைத்தால் பல வேளைகளில் அவை உயிர்பெறும். ஆனால் பழுதுள்ள நினைவகம் எப்போதும் கணினியை நிறுத்திவிடுவதில்லை. சிற்சில சமயம் கணக்கில் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டுச் சாதுவாக இருந்துவிடும். ஆதலால் மெம்டெஸ்ட் என்னும் சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒரேயொரு பிழை தென்பட்டாலும் பலகையை மறுநாளே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.