கச்சான் காற்றும் கிட்ட வராத சூரியனும்

கண்ணும் கணக்கும் – 11

ஆனி பிறந்து கச்சான் வீசத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுவதும் ஒரே பேச்சுத்தான். கொக்கட்டிச்சோலைச் சந்தியில் நிற்பவரும், மண்முனைத்துறைப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருபவரும் வெயிலைப் பற்றியே பேசுவார்கள். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். காயப்போட்ட சேலை அரை மணியில் மொறுமொறுவென்று ஆகிவிடும். "சூரியன் கிட்ட வந்திற்று போல கிடக்கு மனே" என்று வயதானவர் ஒருவர் சொன்னால், பக்கத்தில் நிற்கும் உயர்தரம் படித்த பிள்ளையும் ஆமென்று தலையாட்டும்.

சூரியன் கிட்ட வரவில்லை. பூமி சூரியனிலிருந்து ஆண்டிலேயே மிகத் தொலைவில் நிற்பது இந்தக் காலத்தில்தான்.

ஜூலை முதல் வாரத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 152.1 மில்லியன் கிலோமீற்றர். மிகக் குறைந்த தூரமான 147.1 மில்லியன் கிலோமீற்றர் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. ஜனவரியில் படுவான்கரை எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாவி நிறைந்து கரையேறும், வட்டையெல்லாம் பச்சையாக நிற்கும், விடியற்காலையில் போர்வையை விட்டு எழும்ப மனம் வராது. மட்டக்களப்பில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக 28 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். ஜூனில் அது 33 பாகையைத் தாண்டும். தூரம்தான் காரணம் என்றால் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியல்லவா இருக்க வேண்டும்?

இதற்கு இன்னொரு சான்று பல வீடுகளில் கையிலேயே இருக்கிறது. நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு பிள்ளை ரொறன்ரோவிலும் இன்னொரு பிள்ளை மெல்பேர்ணிலும் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் இருவரிடமும் கைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது ஒருவர் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக நிற்பார், மற்றவர் முற்றத்து வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்பார். இருவரும் நிற்பது ஒரே பூமியில். அன்றைக்குச் சூரியன் இருக்கும் தூரம் இருவருக்கும் ஒன்றுதான்.

இவ்வளவு தெளிவாகத் தெரியக்கூடிய ஒன்றை ஏன் நாம் பார்க்கத் தவறுகிறோம்? நெருப்புக்குக் கிட்டப் போனால் சுடும் என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே உடம்பு கற்றுக்கொள்கிறது. பள்ளிக்கூடம் பிறகு என்ன சொன்னாலும் முதலில் கற்ற பாடம் அழிவதில்லை. 1987இல் அமெரிக்காவில் வெளியான 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' என்ற ஆவணப்படத்துக்காக, ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் நின்ற 23 பேரிடம் கேள்விகள் கேட்டார்கள். அவர்களில் பட்டதாரிகளும் பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் இருந்தார்கள். கோடையும் குளிரும் மாறிவருவது ஏன், சந்திரன் தேய்ந்து வளர்வது ஏன் என்பவைதாம் கேள்விகள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். பருவங்களுக்குக் காரணம் கேட்டபோது வந்த விடை, கொக்கட்டிச்சோலைச் சந்தியில் வருவதே: பூமி கிட்டப் போகிறது, எட்டப் போகிறது.

இந்தப் பிழையை வளர்ப்பதில் பாடப்புத்தகப் படத்துக்கும் பங்கு உண்டு. பூமியின் பாதையை நீண்ட முட்டை வடிவத்தில் வரைந்து, நடுவில் சூரியனை வைத்திருப்பார்கள். மேசையிலுள்ள வட்டத் தட்டை எட்ட நின்று சாய்வாகப் பார்த்தால் நீளமாகத் தெரிவதுபோல, அந்தப் படமும் பக்கவாட்டில் நின்று பார்த்தபடி வரைந்தது. அதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. உண்மைப் பாதை வட்டத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது தெரியுமா? 10 சென்ரிமீற்றர் ஆரை வைத்து அந்த நீள்வட்டத்தைக் கொப்பியில் வரைந்தால், நீண்ட ஆரைக்கும் குறுகிய ஆரைக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் எழுபதில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிப்பே அதைவிடக் கூட. சூரியன் மட்டும் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக விலகி நிற்கும்.

இந்தப் பழைய பிழை இப்போது கைபேசி வழியாகப் பயத்தையும் கொண்டுவருகிறது. பல ஆண்டுகளாக இரண்டு செய்திகள் மாறிமாறிச் சுற்றுகின்றன. முதலாவது, சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே வருவதால் அடுத்த ஐந்து நாட்களுக்கு வெயில் 40 பாகையை எட்டும், நண்பகலில் வெளியே போகவேண்டாம் என்பது. மற்றது ஜூலையை ஒட்டி வருவது. நாளை அதிகாலை 5.27 மணி முதல் பூமி சூரியனைவிட்டு வெகுதூரம் போகிறது, ஆகஸ்ட் வரை கடுங்குளிர் இருக்கும், இருமலும் சளியும் வரும், கவனமாக இருங்கள் என்று சொல்லும். வழமையான தூரம் 90 மில்லியன் கிலோமீற்றர் என்றும், அது 152 மில்லியனாகக் கூடப்போகிறது என்றும் அதில் எழுதியிருக்கும். 90 மில்லியன் என்ற எண் முழுப் பொய். சராசரித் தூரம் 149.6 மில்லியன் கிலோமீற்றர். அவ்வளவு பெரிய வேறுபாடு வரவே வராது. மிகக் கிட்ட இருப்பதற்கும் மிக எட்ட இருப்பதற்கும் இடையில் வேறுபடுவது மூன்று வீதத்துக்குச் சற்று மேல்தான்.

ஒரு செய்தி சுடும் என்கிறது, மற்றது குளிரும் என்கிறது. இரண்டும் ஒரே நம்பிக்கையில் பிறந்தவை. கச்சான் அனல் வீசும் ஜூலையில், கடுங்குளிர் வரப்போகிறது என்ற செய்தியை வியர்வையைத் துடைத்துக்கொண்டே அடுத்தவருக்கு அனுப்புகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நம் தோலில் படுவதைவிடக் கைபேசித் திரையில் வருவதை நம்பப் பழகிவிட்டோம்.

அந்த மூன்று வீதத்துக்கு விளைவே கிடையாது என்று சொல்லவும் கூடாது. ஜனவரியில் பூமிக்கு வந்து சேரும் சூரிய ஆற்றல் ஜூலையைவிட ஏறக்குறைய ஏழு வீதம் கூட. அப்படியிருந்தும் உலகம் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஜூலைதான் கூடுதல் வெப்பமான மாதம். வட அரைக்கோளத்தில் நிலப்பரப்பு அதிகம். நிலம் கடலைவிட விரைவில் சூடேறும்.

சரியான விடை என்ன என்று கேட்டால் நன்றாகப் படித்த பிள்ளை உடனே சொல்லும்: பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. ரொறன்ரோவுக்கும் மெல்பேர்ணுக்கும் அது சரியான விடை. சூரியன் பக்கம் சாய்ந்த அரைக்கோளத்துக்கு வெயில் செங்குத்தாக விழும், பகலும் நீளும். ஆனால் கொக்கட்டிச்சோலைக்கு இந்த விடையும் போதாது. இதைத்தான் இந்த வாரம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். அச்சின் சாய்வு இங்கேயும் கண்ணுக்குத் தெரியும். வாவியின் மேற்குக் கரையில் நின்று தினமும் சூரியோதயம் பார்ப்பவருக்கு, ஆனியில் சூரியன் எதிர்க்கரையில் ஆரையம்பதிப் பக்கமாக வடக்கே ஒதுங்கி எழுவதும், மார்கழியில் கிரான்குளம், குருக்கள்மடம் பக்கமாகத் தெற்கே போய்விடுவதும் தெரியாமல் இருக்காது. ஆனாலும் நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை, 50 நிமிடத்தை ஒட்டியே வரும். இலண்டனில் அது கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். மார்கழி நண்பகலிலும் நமக்குச் சூரியன் 59 பாகை உயரத்தில் நிற்கும்.

சூரியன் நம் தலைக்கு நேரே வருவது ஆண்டில் இரண்டு முறை: சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்பு ஏப்ரல் 9ஐ ஒட்டியும், ஆவணியில் செப்டெம்பர் 3ஐ ஒட்டியும். வானிலை அறிக்கையில் இன்னின்ன ஊர்களுக்கு இன்று சூரியன் உச்சம் கொடுக்கும் என்று வாசிப்பது இதைத்தான். உச்சி எங்கே என்பதுதான் அதன் பொருள், தூரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில், ஏறக்குறைய ஐந்து மாதம், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். சாய்வு மட்டுமே வெப்பத்தைத் தீர்மானித்தால் ஏப்ரலும் செப்டெம்பரும் சம உச்சங்களாகவும், நடுவில் ஜூன் சற்றுத் தணிந்தும் இருக்கவேண்டும். நமக்கோ ஜூனும் ஜூலையும்தான் எரிகின்றன.

அதற்கான காரணம் வானத்தில் இல்லை, மலைநாட்டில் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தை அள்ளிக்கொண்டு மேற்குக் கரையில் ஏறுகிறது. நடுவே மலைகள் மறிக்கின்றன. காற்று மலையில் ஏறியே ஆகவேண்டும். ஏற ஏற அது குளிர்கிறது, ஈரம் முகிலாகிக் கொட்டுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுவது இதனால்தான். தோட்டத்துப் பெண்கள் மழைச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கும் அதே நாளில் இங்கே வட்டை வெடித்துக் கிடக்கிறது. அங்கே பெய்கிற மழையும் இங்கே அடிக்கிற அனலும் ஒரே காற்றின் வேலை.

ஏறும்போது குளிர்ந்த காற்று இறங்கும்போது அதே அளவுதானே சூடேறும், கூடுதல் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நீராவி மழைத்துளியாக மாறும்போது, அதற்குள் ஒளிந்திருந்த வெப்பம் வெளியேறிக் காற்றுக்கே வந்துசேர்கிறது. ஆகையால் ஈரக்காற்று ஏறும்போது மெதுவாகக் குளிர்கிறது, ஈரத்தை இழந்த காற்று இறங்கும்போது வேகமாகச் சூடேறுகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 10 பாகை சூடேறும். முகிலோடு ஏறும் காற்றோ ஒரு கிலோமீற்றருக்கு 5 பாகை அளவே குளிரும். மேற்குக் கரையில் 30 பாகையில் புறப்படும் காற்று முதல் 500 மீற்றரில் 5 பாகை குளிர்ந்து, பிறகு முகில் கட்டி 2,000 மீற்றர் வரை ஏறினால் 17 அல்லது 18 பாகைக்கு வரும். மறுபக்கம் அந்த 2,000 மீற்றரும் உலர்ந்து இறங்கினால் 37 பாகையைத் தாண்டிவிடும். இது பொறிமுறையை விளக்கும் மாதிரிக் கணக்கு. உண்மையில் எல்லாக் காற்றும் மலையேறி இறங்குவதில்லை, வழியில் கலப்பும் நடக்கும். ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலைச்சரிவில் இறங்கும் இதே வகைக் காற்றை ஃபோன் என்கிறார்கள். நமது கச்சான் அதன் உறவுக்காரன்.

அதோடு தரையையும் பார்க்கவேண்டும். மாரியில் வயலில் தேங்கிய நீர் ஆவியாகும்போது வெயிலின் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கச்சானில் பாய்ச்சலில்லாத நிலம் காய்ந்து கிடப்பதால் வெயில் முழுவதும் மண்ணையும் காற்றையும் சூடாக்கவே போகிறது.

படுவான்கரை வேளாண்மைக்காரர் கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று காற்றைத் திசை பார்த்துப் பிரித்து, அதைக்கொண்டே மழையையும் வெயிலையும் கணித்து வந்தவர். வெயில் கூடுவது கச்சானால் என்று அவருக்கு முன்பே தெரியும். சூரியனின் தூரத்தை இழுத்து வந்து அதோடு ஒட்டியதுதான் பிழை. பள்ளிக்கூடம் அவரிடமுள்ள சரியான பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டியிருக்கலாம். பருவங்கள் என்ற பாடமோ பெரும்பாலும் இளவேனில், கோடை, இலையுதிர், பனி என்ற நான்கு படங்களோடு முடிந்துவிடுகிறது. காரைதீவில் பிறந்து விஞ்ஞானம் கற்பித்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தமிழில் விஞ்ஞானம் சொல்லச் சொற்கள் வேண்டும் என்று அந்தத் தலைமுறை உழைத்தது. நம் பிள்ளைக்கு இப்போது வேண்டியது, தன் முற்றத்தில் சரிபார்க்கக்கூடிய கேள்வி.

பயத்தின் விலையையும் சொல்லவேண்டும். பொய்ச் செய்திகளால் சலித்தவர்கள் உண்மை எச்சரிக்கையையும் கேட்காமல் விடுகிறார்கள். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் பற்றி விடும் அறிவித்தல், வெப்பநிலையையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து உடம்பு என்ன பாடுபடும் என்பதைக் கணித்துச் சொல்வது. ஈரம் கூடிய ஏப்ரலில் வியர்வை காயாது, உடம்பு குளிர முடியாது. கச்சானிலோ வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்து, உடம்பு நீர் இழப்பதும் தெரியாமல் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு வயலில் நிற்பவர் தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடிக்கவேண்டும் என்பது இதனால்தான்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். சமதரையில் நேரான கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேரோட்டம் வரும் ஆவணிப் பருவமே இதற்கு ஏற்றது. ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து தினமும் நண்பகல் 12 மணி 3 நிமிடத்தை ஒட்டி நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். நிழல் தெற்குப் பக்கத்தில் நாளுக்கு நாள் குறுகி, செப்டெம்பர் 3ஐ ஒட்டிக் கம்பின் அடியில் மறைந்து, பிறகு வடக்கே நீளத் தொடங்கும். சென்னையில் இதே நிழலில்லா நாள் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி வந்துவிடும். இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள அகலாங்கு வேறுபாடுதான் அந்தப் பதினாறு நாள்.

சூரியன் தென்கோடிக்குப் போய் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். நாம் உத்தராயணம் என்று கொண்டாடுவதோ தை முதலாம் நாள். நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் எங்கே போனது? பூமியின் அச்சு ஏறக்குறைய 25,800 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருவதில்தான் விடை இருக்கிறது. அடுத்த வாரம் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

(தொடரும்)