வாழைப்பழத்தில் ஒரு சோஸ்

யாழ்ப்பாணத்தில் இப்போது மாலையானால் சில சந்திகளில் தணல் வாசம் வருகிறது. மசாலாவில் ஊறிய கோழியை இரும்புத் தட்டியில் வைத்து வாட்டி விற்கிறார்கள். 'பாபிகியூ' என்ற சொல் சின்னப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டது. தணலில் சுடுவது நமக்குப் புதிதல்ல. கடற்கரையில் சுட்ட மீனும் அடுப்புத் தணலில் வாட்டிய கருவாடும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். புதிதாக வந்திருப்பது பக்கத்தில் வைக்கும் சோஸ்தான். கோழி இங்கே வளர்ந்தது, சிரட்டைக் கரி இங்கே எரிந்தது. சோஸ் போத்தல் மட்டும் வெளியிலிருந்து வருகிறது.

அந்தப் போத்தலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறேன். அதற்காக உங்களைப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு ஒரு முறை அழைத்துச் செல்ல வேண்டும்.

சகோதரிகளே, உங்களில் சிலருக்குப் பிலிப்பினோப் பெண்களைத் தெரிந்திருக்கும். குவைத்திலும் சவூதியிலும் நம் பெண்கள் வேலை செய்த வீடுகளில் அவர்களும் வேலை செய்தார்கள். வலிகாமத்தில் ஒரு மகளிர் குழுவில் சந்தித்த அம்மா ஒருவர், குவைத்தில் பல வருடங்கள் இருந்தவர், என்னிடம் சொன்னார்: "அவையள் எதைச் சுட்டாலும் பக்கத்தில ஒரு கோப்பை வினாகிரி வைப்பினம், பிள்ளை. அதில்லாமல் ஒரு வாய் இறங்காது."

அவர் சொன்னது மிகச் சரி.

தெருவோரத்து உணவு

பிலிப்பைன்ஸில் பாபிகியூ பணக்காரரின் விருந்து அல்ல. வீட்டு வாசலிலும் தெரு முனையிலும் ஒரு சின்னக் கரியடுப்பை வைத்து விற்கும் உணவு. இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி மூங்கில் குச்சியில் குத்துவார்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சி, அல்லது கோழி. சோயா சோஸ், வினாகிரி, உள்ளி, மிளகு, சீனி, கலமான்சி என்ற சின்ன எலுமிச்சை ஆகியவற்றில் ஊறவைத்து, சுடும்போது அதே மாதிரியான இனிப்புச் சாற்றைத் தடவித் தடவி வாட்டுவார்கள்.

அங்கே எதுவும் வீண்போவதில்லை. கோழிக் குடலும் காலும் தலையும்கூடக் குச்சியில் ஏறும். கோழிக் காலுக்கு 'அடிடாஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். உறைந்த இரத்தத்தைச் சதுரமாக வெட்டிச் சுட்டால் அது 'பீட்டாமாக்ஸ்'. பழைய வீடியோ நாடாவின் வடிவமாம். இல்லாமையைச் சிரித்துக்கொண்டே தாண்டும் வழி இது.

பக்கோலோட் நகரத்தின் 'இனாசால்' என்ற சுட்ட கோழி இன்னொரு வகை. அதற்கு இஞ்சி, உள்ளி, வினாகிரியோடு சேரை எனப்படும் எலுமிச்சம்புல்லும் சேரும். இவற்றில் எதைக் கடையில் தேட வேண்டும்? பெரும்பாலானவை நமது வீட்டிலும் வளவிலும் இருப்பவை.

கள்ளிலிருந்து வினாகிரி

அவர்களுடைய தொட்டுக்கொள்ளும் சாறு மிக எளிது. வினாகிரியில் வெங்காயமும் உள்ளியும் மிளகாயும் நறுக்கிப் போட்டு, உப்பும் மிளகும் சேர்த்தால் முடிந்தது. சுட்ட இறைச்சியின் கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டிவிடும். அந்த வினாகிரி பல இடங்களில் தென்னங்கள்ளிலிருந்து வருகிறது. கழிமுகச் சேற்றில் வளரும் நிப்பா என்ற பனையின் கள்ளிலிருந்தும் எடுக்கிறார்கள்.

இது நமக்குத் தெரிந்த கதைதான். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கினால் கருப்பணி, பூசாவிட்டால் கள். கள்ளில் உள்ள சீனியை நுண்ணுயிர் மதுசாரமாக்குகிறது. மேலும் சில வாரங்கள் துணியால் வாய் மூடிக் காற்றுப்பட வைத்தால், வேறொரு நுண்ணுயிர் மதுசாரத்தைப் புளிப்பாக்குகிறது. அதுதான் இயற்கை வினாகிரி. கடையில் மலிவாகக் கிடைக்கும் 'செயற்கை வினாகிரி' இப்படி வருவதல்ல. அசற்றிக் அமிலத்தில் நீர் கலந்தது. சுட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

நமது பகுதியில் 1972 இல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கின. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. கள் என்றால் முகம் சுளிக்கும் வீடுகளிலும் வினாகிரி அலுமாரியில் இருக்கிறது. மரம் ஏறியவரின் உழைப்புக்கு அந்த மதிப்பு போய்ச் சேர வேண்டாமா? கள்ளை வீட்டில் வைத்து வினாகிரி செய்வதற்கு மதுவரிச் சட்டம் குறுக்கே வரலாம். ஆகவே சங்கத்தின் ஊடாக வாங்குவதே நல்லது.

மரியா ஒரோசா

இனி சோஸுக்கு வருவோம். பிலிப்பைன்ஸில் பாபிகியூ தடவும் சாற்றில் வாழைப்பழச் சோஸும் சேரும். தக்காளிச் சோஸ் போலவே சிவப்பாக இருக்கும், ஆனால் தக்காளி ஒன்றும் இராது. இதன் பின்னால் நிற்பவர் மரியா ஒரோசா என்ற பெண்.

1893 இல் பிறந்தவர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் படித்து, விடுமுறையில் மீன் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில் உழைத்து, இரசாயனத்தில் பட்டம் பெற்றார். அங்கேயே நல்ல உத்தியோகம் பார்த்திருக்கலாம். 1922 இல் ஊருக்குத் திரும்பி அரசாங்க ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். தக்காளி அந்த மண்ணில் நன்றாக வராது, வாழை எங்கும் கிடைக்கும். ஆகவே வாழைப்பழத்தில் சோஸ் செய்தார். மின்சாரம் இல்லாத வீடுகளுக்கு மண்பானையில் ஒரு வெதுப்படுப்பு அமைத்தார். கிராமப் பெண்களுக்கு உணவைப் பதப்படுத்தும் முறைகள் சென்றடைய ஒழுங்கு செய்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. சோயாவில் ஒரு சத்துமாவும் அரிசித் தவிட்டில் பிஸ்கட்டும் செய்து, முகாமில் அடைபட்டுப் பட்டினி கிடந்தவர்களுக்கு இரகசியமாக அனுப்பினார். பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி வீட்டார் கேட்டும் வேலையை விட்டுப் போகவில்லை. 1945 பெப்ரவரி 13 ஆம் திகதி மணிலாச் சண்டையில் செல் சிதறல் பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த வைத்தியசாலையிலும் செல் விழுந்தது. அங்கே இறந்தார். அது எப்படி இருக்கும் என்று இந்த இதழை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நாம் எழுதி வைக்காதது

1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலில் விளக்கு எரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அடுக்களையில் எத்தனையோ மாற்று வழிகளைப் பெண்களே கண்டுபிடித்தார்கள். அவர்களின் பெயர் எங்கும் இல்லை, அளவுகளும் இல்லை. அவர்கள் இப்போது வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஒரோசாவின் பெயரில் 700 க்கு மேற்பட்ட உணவுக் குறிப்புகள் இருப்பதாகச் சொல்வார்கள். அவர் அளந்தார், எழுதினார், மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கைப்பக்குவம் ஒருவரோடு போய்விடும். எழுதிய அளவு பத்துப் பேருக்குத் தொழிலாகும்.

செய்து பார்ப்போம்

நீர்வேலிப் பக்கம் வாழைக்குலை மலிந்து விலை விழும் நாட்கள் உங்களுக்குத் தெரியும். பிலிப்பைன்ஸில் சமையலுக்கு எடுக்கும் 'சாபா' வாழைக்கு நமது மொந்தன் நெருக்கமானது. நன்றாகக் கனிந்த கதலியும் சரிவரும்.

தேவையானவை: தோல் நீக்கிய கனிந்த வாழைப்பழம் 500 கிராம், வினாகிரி 200 மில்லிலீற்றர், தண்ணீர் 200 மில்லிலீற்றர், சீனி 100 கிராம், வெங்காயம் 1, உள்ளி 4 பல்லு, இஞ்சி சிறு துண்டு, விதை நீக்கி ஊறவைத்த செத்தல் மிளகாய் 4, கராம்பு 2, கறுவா சிறு துண்டு, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி. நிறத்துக்கு ஒரு துண்டு பீற்றூட்.

வெங்காயம், உள்ளி, இஞ்சி, மிளகாய், பீற்றூட் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் பச்சை வாசம் போக வதக்குங்கள். மசித்த பழம், தண்ணீர், சீனி, உப்பு, கராம்பு, கறுவா சேர்த்து மெல்லிய நெருப்பில் 20 நிமிடம் கிளறுங்கள். வினாகிரியை ஊற்றி மேலும் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கராம்பு, கறுவாவை எடுத்துவிட்டு மீண்டும் அரைத்து, வடித்து, ஒரு கொதி விட்டு, கொதிநீரில் அவித்த போத்தலில் சூட்டோடு நிரப்புங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். வினாகிரியைக் குறைக்கவும் வேண்டாம், கெடாமல் காப்பது அதுதான். வீட்டுப் பாவனைக்குக் குளிரூட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள்.

கோழியில் தடவிச் சுடலாம். மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளில் கட்லட், றோல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

விற்க நினைப்பவர்களுக்கு

ஒரே கிராமத்தில் பலருக்கும் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுத்து, பிறகு எல்லாரும் ஒரே பொருளை ஒரே சந்தையில் விற்க முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எனவே எல்லாரும் சோஸ் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதலில் 5 போத்தல் செய்து அயலில் ருசி பார்க்கக் கொடுங்கள். பக்கத்துப் பாபிகியூக் கடைக்காரரிடம் ஒரு போத்தல் கொடுத்துப் பாருங்கள். இதற்காக நுண்கடன் எடுக்காதீர்கள். விற்பனை தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துப் பதிவு, சுட்டி, ஆய்வுகூடப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். உற்பத்தித் திகதியும் முடிவுத் திகதியும் சுட்டியில் இருக்க வேண்டும்.

ஒரு கொப்பியில் செலவை எழுதும்போது பழம், சீனி, போத்தல், விறகு என்று எழுதுவீர்கள். அடுப்படியில் நின்ற மணித்தியாலங்களையும் எழுதி அதற்கொரு கூலி போடுங்கள். நம்மில் அநேகர் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு இலாபம் என்று நம்புகிறோம்.

அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் உங்கள் அம்மாவிடமோ மாமியிடமோ கேட்டு, தடைக் காலத்தில் அவர் செய்த ஒரு பொருளை அளவோடு எழுதுங்கள். அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.