விசேட கல்வி ஆசிரியரும் பட்டப்பின் பயிற்சியும்

ஆசிரியத் தொழிலுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பார் இன்று இலர். ஆயின், கண்ணொளி இழந்த பிள்ளைக்கும், செவிப்புலனற்ற பிள்ளைக்கும், உளவளர்ச்சியிற் பின்தங்கிய பிள்ளைக்கும் கற்பிக்க முன்வருபவர் எத்தகைய பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும், அப்பயிற்சிக்கு எவர் சான்று கூறுதல் வேண்டும் என்னும் வினாக்கள் எழுந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவற்றுக்கு எல்லா நாட்டாரும் ஒத்த விடை கண்டிலர். இவ்வினாக்களுடன் நெடுங்காலம் போராடிய நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆங்கு நிகழ்ந்தவற்றை நோக்குவோமாயின், ஆசிரியரின் தராதரப் பத்திரம் எப்பொழுது பிள்ளைக்குக் காப்பாகிறது, எப்பொழுது வெறுந்தாளாகிறது என்பது புலனாகும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். அந்நாட்டிற் பட்டத்தை வழங்குவது சர்வகலாசாலை. அரசினர் பாடசாலையிற் கற்பிக்கும் உரிமையை வழங்குவது மாநில அரசு. எம்.ஏ. பட்டம் பெற்ற ஒருவர் மாநிலத்தின் பத்திரம் இன்றி வகுப்பில் நிற்றல் இயலாது. நியூயோர்க் மாநிலத்தில் இளங்கலைப் பட்டத்துடன் தொடக்கப் பத்திரம் பெற்றவர், நிலையான பத்திரம் பெறுதற்கு மேற்பட்டம் ஒன்றை முடித்தல் வேண்டும். இவ்வாறு இரண்டும் பின்னிக்கிடந்தபோதிலும் இரண்டும் ஒன்றல்ல.

விசேட கல்வி சர்வகலாசாலையிற் பிறந்ததன்று. அது விடுதிப் பாடசாலைகளிற் பிறந்தது. புதிய ஆசிரியர் பழைய ஆசிரியர் அருகே அமர்ந்து, குரு சீட முறையில், தொழிலைக் கற்றனர். நியூ ஜேர்சியிலுள்ள வைன்லாந்துப் பயிற்சிப் பாடசாலை 1904ஆம் ஆண்டில் ஆசிரியருக்கெனக் கோடைகால வகுப்பைத் தொடங்கிற்று. விழிப்புலனற்றோருக்கான பேர்க்கின்ஸ் பாடசாலை, ஹார்வர்ட் சர்வகலாசாலையுடன் கூடி 1920களின் தொடக்கத்தில் ஒரு பாடநெறியை அமைத்தது. 1922ஆம் ஆண்டில் எலிசபெத் பரல் அம்மையார் தலைமையிற் கொலம்பியா ஆசிரியர் கல்லூரியிற் கூடியோர் விசேட பிள்ளைகளுக்கான ஒரு சபையை நிறுவினர். இத்துறை ஆசிரியரின் பயிற்சிக்கு அளவுகோல்களை வகுத்து வருவது அச்சபையே.

எனினும் 1950களில் ஒரு பெருந்தடை தோன்றிற்று. வகுப்புகள் பெருகின, ஆசிரியர் போதவில்லை. ஆசிரியரைப் பெருக்கலாமெனின், அவர்களைப் பயிற்றுவதற்குச் சர்வகலாசாலைகளில் விரிவுரையாளர் இலர். இந்நிலையிலேதான் 1958ஆம் ஆண்டு செப்டெம்பரிற் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டத்தில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஒப்பமிட்டார். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் வரை சர்வகலாசாலைகளுக்கும் மாநிலங்களுக்கும் வழங்க அச்சட்டம் இடந்தந்தது. அப்பணம் நேரே வகுப்புகளுக்குச் செல்லவில்லை. உளவளர்ச்சியிற் பின்தங்கிய பிள்ளைகளின் ஆசிரியருக்கு ஆசிரியராகத் தக்கோரைப் பட்டப்பின் படிப்பிலே பயிற்றுதற்கே அது ஒதுக்கப்பட்டது. பிள்ளைகள் காத்திருக்க, பேராசிரியரை உருவாக்கப் பணம் செலவிடுவதா என்று கேட்பது எளிது. எனது கருத்தில், அக்காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் மிகத் தெளிவானது இதுவே. 1963ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுதவியைச் செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் முதலிய ஏனையோரின் ஆசிரியருக்கும் விரித்தது. குறைபாடுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தக்க இலவசக் கல்வி உண்டு என 1975ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் விதித்தபொழுது, அவ்விதியை ஓரளவேனும் நிறைவேற்ற ஆட்கள் இருந்தமைக்கு முன்னைய இரு சட்டங்களும் காரணம்.

இனி, இப்பயிற்சியில் ஒருவர் கற்பது யாது? பிள்ளையை அளந்தறிதல், தனித்தனிப் பாடத்திட்டம் வரைதல், பெற்றோருடன் பழகுதல், மேற்பார்வையின் கீழ் வகுப்பு நடத்துதல் ஆகியன எல்லார்க்கும் பொது. சிறப்புப் பகுதியே கடினமானது. விழிப்புலனற்ற பிள்ளையின் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பிரெயிலை ஒவ்வோர் எழுத்தாக அறிந்தால் மட்டும் போதாது. நூற்றுக்கு மேற்பட்ட சுருக்கங்களை அறிதல் வேண்டும். கணிதத்திற்கு வேறொரு குறியீட்டுமுறை உண்டு. அதனை அமைத்தவர் ஆபிரகாம் நெமெத் என்னும் விழிப்புலனற்ற கணித அறிஞர். பிரெயிலைக் கண்ணாற் பார்த்துப் படிக்கும் ஆசிரியர், விரலாற் படிக்கும் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதையும் உணர்தல் வேண்டும். தமிழ்ப் பிரெயிலிலும் இவ்வருமை உண்டு. அச்சிலே ‘கே’ என்னும் எழுத்திற் கொம்பு முன்னே நிற்கிறது. பிரெயிலில் மெய்யின் புள்ளிகள் முன்னும் உயிரின் புள்ளிகள் பின்னும் வருகின்றன. அச்சில் மேலே இடப்படும் மெய்ப்புள்ளியோ பிரெயிலில் எழுத்துக்கு முன்னே வந்துவிடுகிறது. தமிழை நன்கு கற்றவரும் இதனைப் புதிதாகவே பயிலவேண்டும்.

இவ்வாறிருக்க, எல்லா வகைப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுப் பத்திரம் போதும் என்போர் ஒரு சாரார். சிற்றூர்ப் பாடசாலை ஒவ்வொரு குறைபாட்டிற்கும் ஓர் ஆசிரியரை நியமித்தல் இயலாது என்னும் அவர் கூற்றிலே உண்மையுண்டு. கலிபோர்னியா மாநிலம் பெரும்பாலான பிள்ளைகளைத் தேவையின் அளவு நோக்கி இரு பிரிவாக்கி, அதற்கேற்பப் பத்திரம் வழங்குகின்றது. ஆயினும் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்கும் அம்மாநிலமும் தனிப் பத்திரங்களையே வைத்திருக்கிறது. ரெக்சாஸ் மாநிலம் விழிப்புலனற்றோர் ஆசிரியரைப் பிரெயிலிலே தனியாகச் சோதிக்கின்றது. இங்கிலாந்தில் இத்தகைய பிள்ளைகளின் வகுப்பை ஏற்கும் ஆசிரியர் மூன்றாண்டுக்குள் அதற்குரிய கட்டாயத் தகைமையைப் பெறுதல் வேண்டும். பொதுமையை எவ்வளவு விரும்பினும், கைத்திறன் இன்றேற் கல்வியே இல்லை என்னும் இடத்தில் அரசுகள் நின்றுவிடுகின்றன. அத்திறனை அளக்காத பத்திரம், எத்தனை ஆண்டுப் படிப்பைக் காட்டினும், பிள்ளைக்குப் பயன்படாது.

ஆசிரியர் பற்றாக்குறை இப்பத்திரங்களை அரித்து வந்திருக்கிறது. ஆளில்லாத வகுப்புக்கு அவசரப் பத்திரத்துடன் ஒருவரை அனுப்பும் வழக்கத்தை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்க முயன்று, விசேட கல்வி ஆசிரியருக்கு இளங்கலைப் பட்டமும் மாநிலத்தின் முழுமையான பத்திரமும் வேண்டும் என்றது. ‘உயர்தகைமை’ என்னும் அதன் சொல்லை 2015ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. இவ்விரு நிபந்தனைகளையும் நீக்கவில்லை. ஆனால் மாற்றுவழிப் பயிற்சியிற் சேர்ந்தவர், படித்துக்கொண்டே மூன்றாண்டுவரை கற்பிக்கலாம். மூன்றாண்டென்பது ஆசிரியருக்குச் சிறு காலம். ஆறு வயதுப் பிள்ளைக்கோ அது வாசிக்கக் கற்கும் பருவம் முழுவதும் ஆகும்.

இந்தியாவின் வழி வேறு. ஆங்கு 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சபைச் சட்டம், விசேட கல்வி ஆசிரியரை மருத்துவரைப் போல ஒரு நாட்டுப் பதிவேட்டுக்குள் கொணர்ந்தது. பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டுவரை சிறை, ஆயிரம் ரூபாவரை தண்டம், அல்லது இரண்டும் என அது கூறுகிறது. விசேட கல்வியில் பி.எட். பட்டம் குறைபாட்டின் வகைக்கேற்பத் தனித்தனியாக வழங்கப்பட்டு வந்துள்ளது. தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இப்பதிவேட்டுக்கு உட்பட்டவரே.

தகுதியில்லாதவரை வாயிலில் நிறுத்தும் பத்திரம், தகுதியுடையவரையும் நிறுத்தக்கூடும். வாஷிங்டனில் இன்று கலாடெட் என்னும் பெயருடன் விளங்கும் நிலையத்தில் 1891ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிப் பகுதி தொடங்கவிருந்த காலை, செவிப்புலனற்றோர் ஆசிரியராவதை விரும்பாத அலெக்சாந்தர் கிரகாம் பெல் அதற்கு அரசினர் பணம் வழங்கலாகாது என எதிர்த்தார். தொலைபேசியைத் தந்த அப்பெரியாரின் தாயாரும் மனைவியாரும் செவிப்புலன் குறைந்தோர். பகுதி தொடங்கிற்று, ஆயின் செவிப்புலனுள்ளோரே அதிற் சேர்க்கப்பட்டனர். சைகைமொழியைத் தாய்மொழிபோற் பேசுவோர், அம்மொழி வழங்கும் கல்லூரியிலேயே, தம்மினத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகும் பட்டப்பின் பயிற்சிக்கு 1960கள்வரை காத்திருந்தனர். வாய்மொழி முறையே சிறந்தது என 1880ஆம் ஆண்டில் மிலான் நகர மகாநாடு செய்த தீர்மானமும் இத்தகைய ஆசிரியர் பலரைப் பதவியினின்று நீக்கியிருந்தது. அத்தீர்மானத்தின் தீமைகளுக்கு அதே தொடரில் நிகழ்ந்த மகாநாடு 2010ஆம் ஆண்டில் வன்கூவரிற் கூடி வருத்தந் தெரிவித்தது. கலாடெட் இன்று அமெரிக்கச் சைகைமொழியிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கும் இருமொழிச் சர்வகலாசாலை. செவிப்புலனற்றோரும் ஏனையோரும் அங்கே ஒரே வகுப்பில் ஆசிரியப் பயிற்சி பெறுகின்றனர்.