எண்ணூர்ப் பிள்ளைகளும் வேதியியல் தேர்வும்

நாம் வயலுக்கு இடும் யூரியா மூட்டையின்மீது ‘நைட்ரஜன் 46 சதவிகிதம்’ என்று அச்சிட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த நாற்பத்தாறு எங்கிருந்து வந்தது? யூரியாவின் மூலக்கூறு எடை 60. அதில் நைட்ரஜனின் பங்கு மட்டும் 28. இருபத்தெட்டை அறுபதால் வகுத்து நூறால் பெருக்கினால் நாற்பத்தாறரைக்குச் சற்று மேல் வருகிறது. 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம் நைட்ரஜன் உண்டு என்பது இதனால் விளங்கும். மேல்நிலை வகுப்பில் வேதியியல் எடுத்த பிள்ளை ஐந்து நிமிஷத்தில் போட்டுவிட வேண்டிய கணக்கு இது. ஆயினும் இத்தகைய கணக்கிலேதான் எத்தனையோ பிள்ளைகள் கால் இடறி நின்றுவிடுகிறார்கள்.

அந்த உரம் உண்டாகும் இடத்துப் பிள்ளைகளைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையிலும் உள்ள கடலோரப் பகுதியும், அதை ஒட்டிய மணலியும் தமிழ்நாட்டின் இரசாயனத் தொழிலுக்குத் தாய்வீடு எனலாம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கிற்று. 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் உரத் தொழிற்சாலை 1971இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. மாநகரத்து விஷயம் கிராமத்தாருக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாகவே இருந்தன. எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டினால் மீஞ்சூர் வட்டாரத்துக் கிராமங்கள் தொடங்கிவிடுகின்றன. அங்குள்ள குப்பங்களில் வாழ்பவர்கள் இன்றும் மீன்பிடித்துப் பிழைப்பவர்களே. இவர்களுக்கு நேர்ந்திருக்கும் இடர்ப்பாடு, சிறிது மாறுபட்ட உருவில், நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது.

அது என்ன இடர்ப்பாடு? ஆலையின் புகைபோக்கியை அன்றாடம் பார்த்து வளரும் பிள்ளை, அதனுள்ளே நடப்பதைக் கற்பிக்கும் பாடத்தில் தேறுவதற்கு உதவியின்றித் தவிக்கிறான் என்பதுதான். தகப்பனார் கடலுக்கோ, துறைமுகத்துக்கோ, கன்டெய்னர் லாரிக்கோ போகிறவர். தாயார் மீன் விற்கப் போகிறவர். தமிழ்ப் பாடத்தில் ஐயம் எழுந்தால் பக்கத்து வீட்டில் யாரேனும் சொல்லக்கூடும். வேதியியலில் எழுந்தால் அந்தத் தெருவிலேயே கேட்பதற்கு ஆள் இராது. காசு கொடுத்து டியூஷன் வைக்கலாம் என்றால் அதற்கும் ஒரு தடை. கீழைக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாட்கள். பள்ளி திறந்து, டியூஷன்காரர் முன்பணம் கேட்கும் அதே ஜூன் மாதத்தில்தான் மீனவர் வீட்டில் கையில் காசு இருப்பதில்லை.

இந்த ஒரு பாடத்தின்மேல் எவ்வளவு தொங்குகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்குரிய 200 மதிப்பெண்ணில் வேதியியலுக்கு 50. மருத்துவத்துக்கான நீட் தேர்வின் 720இல் 180. வேளாண்மைப் பட்டப்படிப்பு, மருந்தாளுநர் படிப்பு எதற்குப் போனாலும் இதைக் கடந்தே செல்ல வேண்டும். பிளஸ் டூ வேதியியலுக்கு மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. மொத்தத்தில் 35 பெற்றால் தேர்ச்சி. ஆனால் எழுத்துத் தேர்வில் மட்டும் 15க்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். செய்முறையில் முழு மதிப்பெண் வந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்த பிள்ளை இந்தப் பதினைந்தில் வழுக்கி விழுவதும் உண்டு.

இனி, பிள்ளை உண்மையில் எங்கே தடுமாறுகிறான் என்று பார்க்க வேண்டும். பிளஸ் டூ புத்தகம் இரண்டு தொகுதி, பதினைந்து பாடம். பெரும்பாலானோர் அந்தப் பதினைந்தையே கடினம் என்று எண்ணுகிறார்கள். நாம் கண்டவரையில் கடினம் அங்கே இல்லை. அதற்கு முந்திய ஆண்டில் இருக்கிறது. சமன்பாட்டைச் சரிக்கட்டுவது, மோல் என்ற அளவைக் கையாள்வது, ஆக்ஸிஜனேற்ற எண் கண்டுபிடிப்பது ஆகியவை பிளஸ் ஒன் வகுப்பிலும் அதற்கு முன்னருமே முடிந்துவிடும் பாடங்கள். பிளஸ் ஒன் பாடத்தைப் பல பள்ளிகள் மேலோட்டமாக ஒதுக்கிவிட்டன என்பதனாலேயே 2017-18ஆம் கல்வியாண்டில் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. பிள்ளைகளின் சுமையைக் குறைப்பதற்காக 2025-26 முதல் அத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. சுமை குறைந்தது நன்மையே. ஆனால் பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு என்று பிள்ளைகள் அந்த ஆண்டை விளையாட்டாகக் கழித்துவிடக்கூடிய அபாயமும் கூடவே வந்திருக்கிறது. அஸ்திவாரம் இல்லாத சுவரில் எவ்வளவு பூச்சு பூசினாலும் நிற்காது.

இன்னொரு தடங்கல் பலருக்கும் தெரிவதில்லை. கணிதம் எடுக்காமல் தாவரவியல், விலங்கியல் எடுத்த பிள்ளைகளும் வேதியியலைப் படித்தாக வேண்டும். அயனிச் சமநிலை, மின்வேதியியல், வினைவேகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் லாகரிதம் தெரியாமல் கணக்குப் போட முடியாது. அதைக் கற்பிப்பது எந்த வகுப்பின் கடமை என்று யாரும் கவனிப்பதில்லை. நம் மண் பரிசோதனை அட்டையில் பி.எச். என்று ஓர் எண் எழுதித் தருகிறார்கள் அல்லவா? 7.5க்கும் 8.5க்கும் வேற்றுமை ஒன்றுதானே என்று நாம் நினைத்துவிடுகிறோம். அது லாகரிதக் கணக்கு; ஒன்று கூடினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடியதாகப் பொருள். இதை ஒரு மாலைப் பொழுதில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டால், மூன்று பாடங்களின் பூட்டு ஒருசேரத் திறந்துவிடும்.

ஆகவே, டியூஷன் தேடும் பெற்றோர் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை பேரை நூற்றுக்கு நூறு வாங்க வைத்தீர்கள்?’ என்பதன்று. முதல் நாள் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். கட்டுக் கட்டாக நோட்ஸ் கொடுத்து ‘இதை நெட்டுருப் போடு’ என்பவரைவிட, ஒரு சின்னச் சமன்பாட்டை எழுதச் சொல்லி, பிள்ளை எந்த இடத்தில் பேனாவை நிறுத்துகிறான் என்று கவனிப்பவர் மேலானவர். ஐம்பது பேரை ஒரு கூடத்தில் அடைத்து மைக்கில் நடத்துவது பள்ளி வகுப்பை இரண்டாம் முறை நடத்துவதேயாகும். வேதியியலுக்கு வேண்டியது மற்றொரு சொற்பொழிவு அன்று. ஐயத்தைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள ஒரு மனிதர். அவர் வாரத்தில் இரண்டு மாலை வந்தாலும் போதும்.

அத்தகைய மனிதர் எங்கே கிடைப்பார்? வடசென்னையில் இதற்குப் பஞ்சமே இல்லை என்பது நம் கருத்து. ஆலைகளின் ஆய்வுக்கூடங்களிலும் இயந்திரப் பகுதிகளிலும் வேதியியல் பட்டதாரிகளும் டிப்ளமா படித்தவர்களும் வேலை செய்கிறார்கள். காலை ஷிப்டு முடித்து வீடு திரும்புபவருக்கு மாலை ஓய்வு உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி 1950 முதல் நடந்து வருகிறது. அத்தகைய கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அந்தத் தெருக்களிலிருந்தே போகிறவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தேர்வை எழுதியவருக்கு, பிள்ளையின் குழப்பம் பேராசிரியரைவிட நன்றாகத் தெரியும். வியாசர்பாடிப் பக்கம் படித்த இளைஞர்கள் அம்பேத்கர் பெயரால் இரவுப் பாடசாலைகளை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். பள்ளிகளில் மாலைச் சிறப்பு வகுப்புகளும் நடைபெறுகின்றன. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் உண்டு. ஆனால் தொலைக்காட்சி பிள்ளையின் கேள்விக்கு விடை சொல்லாது. பாடத்தைப் பார்த்துவிட்டுப் பேச ஒருவர் அருகில் இருந்தால்தான் அதன் பயன் முழுமையாகும்.

கற்பிப்பவருக்கு அந்த வட்டாரமே ஒரு பெரிய ஆய்வுக்கூடம். 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவு நேரத்தில், எண்ணூரில் உர ஆலை ஒன்றுக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பத்து மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; பலரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும், கரைந்து காரமாகும் என்பது பிளஸ் டூ புத்தகத்தில் ஒரு வரி. கண்ணின் ஈரத்தில் அது கரைவதால்தான் எரிந்தது. நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்வதும் அதே காரணத்தால்தான். அந்த இரவை நினைவில் வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்த வரியை மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. அவ்வாறே, காசிமேட்டில் இரும்பு உடல் கொண்ட படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது ஏன் என்று தகப்பனாரைக் கேட்டு வரச் சொன்னால், மின்வேதியியலில் அரிமானம் பற்றிய பகுதி பாதி முடிந்தது. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. தகப்பனாருக்குச் செய்கை தெரியும், காரணம் தெரியாது. மகளுக்குக் காரணம் தெரியும், கண்டதில்லை. இருவரும் சேர்ந்தால் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றுக்கு விடை ஆயிற்று.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஊக்க மிகுதியால் அமிலங்களை வீட்டுக்கோ நூலகத்துக்கோ கொண்டுவந்து சோதனை செய்து காட்டுதல் கூடாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுத் தரம்பார்த்தல் முதலிய செய்முறைகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே நடைபெற வேண்டும். மாலை வகுப்பில் அளவீட்டை எழுதிக் கணக்கிடும் முறையைப் பழக்கினால் போதுமானது.

இடம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகள்தோறும் நூலகம் கட்டப்பட்டது. அவற்றில் பல மாலையில் பூட்டிக் கிடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு கரும்பலகை, நல்ல விளக்கு, குடிநீர், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை இவ்வளவும் இருந்தால் வகுப்பு நடத்தலாம். எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும்; ஆதலால் பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடக்காமல் வரக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுப்பது அங்கே முக்கியம். உங்கள் ஊரில் அது நெடுஞ்சாலையாகவோ, ரயில் பாதையாகவோ, விளக்கில்லாத வாய்க்கால் கரையாகவோ இருக்கலாம். வகுப்பு இரவு ஏழரை மணிக்குள் முடிந்து, பெண்பிள்ளைகளை வீடுவரை கொண்டுவிட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இதைச் செய்யாத ஊர்களில் இரண்டாம் மாதமே பெண்கள் வருவது நின்றுபோகும்.

ஆகஸ்டு 15ஆம் நாள் கிராமசபை இதற்கு ஏற்ற தருணம். பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். காலாண்டுத் தேர்வு வருமுன் ஒரு மாதம் இருக்கும். ஊரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல் படிக்கும் பிள்ளைகள் யார், வேதியியல் கற்றவர்கள் யார் என்று இரண்டு பட்டியல்களை அன்று எழுதிவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் இருப்பதால், வேதியியல் ஆசிரியரிடம் கலந்துகொண்டு எந்தப் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறான் என்பதை அறிவது எளிது. பிளஸ் ஒன் பிள்ளைகளை முதலில் உட்கார வையுங்கள். பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். ஜனவரி பிறந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு வினாத்தாளையும் எழுதிப் பழகட்டும். பதினைந்து ஒரு மதிப்பெண் வினாக்களிலேயே முக்கால் மணி நேரத்தைச் செலவழித்துவிட்டுக் கடைசி ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு நேரமில்லாமல் எழுந்து வருவோர் பலர்.

மார்ச்சில் தேர்வு முடிந்ததும் வகுப்பை மூடிவிடுவது வழக்கம். மே மாதம் முடிவு வெளியாகும்போது ஓரிருவர் தவறியிருப்பார்கள். அவர்களுக்குரிய துணைத்தேர்வு ஜூன், ஜூலையிலேயே வந்துவிடுகிறது. வேதியியல் ஒன்றில் மட்டும் தவறிய பிள்ளை அந்தச் சில வாரங்கள் தனியே விடப்பட்டால், துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போய்விடுவான். பிறகு அவனைத் திரும்ப அழைப்பது அரிது. மே மாதத்தில் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும், கற்பிக்க யார் வருவார் என்பதை மார்ச்சு மாதமே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள்.